கொண்டுவந்தவன் கடைசியில் பேசணும்

தம்பிகளா, மாடி அறைக்கு ஒயின் ஊற்றப் போகும்போது கையைக் கழுவுவதற்கு முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போங்கள். வியர்வையைச் சொல்லவில்லை. சிரிப்பு, சுளிப்பு, அலுப்பு என்று முகத்தில் இருக்கிற எல்லாவற்றையும் சொல்கிறேன். அந்த மேஜைக்கு வெறும் முகத்தோடுதான் போகணும்.

நான் இந்த மாதத்தோடு திருப்பதி ஓட்டல் வேலையை விட்டுவிட்டு நகரிக்குப் போகிறேன். நைனாவோடு சேர்ந்து விசைத்தறியைப் பார்த்துக்கொள்ள வேண்டும். "இருபத்தெட்டு வயசுல ரிடையர் ஆகிற மொத ஆளு நீதான்டா" என்று மேனேஜர் சிரிக்கிறார். "போறதுக்கு முன்ன புதுப் பசங்களுக்கு நாலு வார்த்தை எழுதிக் குடு" என்றும் சொன்னார். நான் எட்டாவது வரைக்கும் படித்தவன். எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். அங்கங்கே அழுகை வந்தாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். என் அண்ணன் தயாளன் செத்துப்போய் அதிக நாள் ஆகவில்லை. இந்த வேலையைப் பற்றி எதைச் சொல்ல வாயைத் திறந்தாலும் அவன்தான் முன்னால் வந்து நிற்கிறான்.

கிளாஸ் துடைப்பது, தட்டு ஏந்துவது, பில் போடுவது எல்லாம் கேப்டன் சொல்லிக்கொடுப்பார். நான் மாடி அறை ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன்.

மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேர் வருவார்கள். ஒருவர் ரேணிகுண்டாவில் ரயில்வே கார்டாக இருந்து ரிடையர் ஆன ஆங்கிலோ இந்தியர். நாங்கள் கார்டு சார் என்போம். அவருடைய பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள். இரண்டாவது ஆள் சித்தூரில் பல் ஆஸ்பத்திரி வைத்திருக்கிற டாக்டரம்மா. லண்டனில் படித்தவர், அவர் தங்கை இன்னும் அங்கேதான். மூன்றாவது நாயுடுகாரு; 'காரு' என்பது தெலுங்கில் பேரோடு மரியாதைக்குச் சேர்ப்பது. சித்தூர் ரோட்டில் மாம்பழக்கூழ் ஃபாக்டரி. டப்பாவில் அடைத்து அரபு நாட்டுக்கு அனுப்புகிறவர், மாசத்துக்கு ஒரு தடவை துபாய் போய்வருவார். வெளிநாட்டிலிருந்து யார் வந்தாலும் இவர்களுக்கு ஒரு சீசா வரும். எல்லாம் போர்ட் ஒயின்.

நம் ஊர்க் கடையில் அந்தப் பேரில் விற்கிற இனிப்புச் சரக்கை நினைத்துக்கொள்ளாதீர்கள். போர்ச்சுகல்லில் ஒரு நல்ல வருஷத்துத் திராட்சையை மட்டும் எடுத்துச் செய்து, அந்த வருஷத்தைச் சீசாமேல் எழுதி, இருபது முப்பது வருஷம் இருட்டில் படுக்கப் போட்டு வைப்பது இது. வயசாக வயசாக அடியில் மண்டி சேரும். திறப்பதற்குச் சில நாள் முன்னால் சீசாவை நிமிர்த்தி நிறுத்தி மண்டியை இறங்க விட வேண்டும். அப்புறம் கழுத்துக்குப் பின்னால் மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு, தெளிவை மட்டும் ஜக்கில் மெல்ல இறுத்து ஊற்ற வேண்டும். வெளிச்சத்தில் புகை மாதிரி மண்டி வந்ததும் கையை நிறுத்திவிட வேண்டும். வேலை இவ்வளவுதான்.

அந்த மேஜைக்கு ஒரு சட்டம் உண்டு. சீசாவைத் துண்டு சுற்றித்தான் கொண்டுபோகணும். என்ன சரக்கு, எந்த வருஷம், யார் வாங்கியது என்று யாருக்கும் தெரியக் கூடாது. ஒவ்வொருவராகத் தீர்ப்புச் சொல்வார்கள். சொன்னதை மாற்றக் கூடாது. கொண்டுவந்தவன் கடைசியில் பேசணும். முதலிலேயே "இது என்னுது" என்று தெரிந்துவிட்டால் மற்றவர்கள் நாக்கை மறந்து மரியாதைக்குப் பேசிவிடுவார்கள் என்று கார்டு சார் வைத்த சட்டம் அது.

நான் சேர்ந்த புதிதில் ஒரு நாள் தக்கையை எடுத்ததும் ஈரச் சாக்கு வாடை வந்தது. என் மூக்கு தானாகச் சுருங்கிவிட்டது. நான் ஊற்றி முடிப்பதற்குள் மூன்று பேரும் "கெட்டுப்போச்சு" என்றார்கள். யாரும் கிளாஸைத் தொடவே இல்லை.

கார்டு சார் என்னை நிமிர்ந்து பார்த்தார். "என்னா மேன், தீர்ப்ப உன் மூஞ்சிலியே எழுதி ஒட்டிக்கினு வந்துட்டே. நாங்க மூணு பேரும் இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீறோம்?"

"இன்னொரு துண்டு கொண்டா" என்றார் நாயுடுகாரு. "சீசாவுக்கு ஒண்ணு, இவன் மூஞ்சிக்கு ஒண்ணு."

அன்று மீதி இரண்டு சீசாவையும் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டுதான் ஊற்றினேன். கண் மட்டும் வெளியே தெரிந்தது. டாக்டரம்மா, "ஆபரேஷன் தியேட்டர் மாதிரி இருக்கு" என்று சிரித்தார். அதற்கப்புறம் என் முகம் தானாகவே பழகிக்கொண்டது.

அண்ணன் அந்த மாடிக்கு வந்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் தெருப் பையன்கள் எல்லாம் தறியை விட்டு பெங்களூருக்கும் துபாய்க்கும் கிளம்பிக்கொண்டிருந்த காலம் அது. அண்ணனுக்குச் சென்னையில் ஒரு ஏஜெண்ட் மூலமாக வெளிநாட்டுப் பயணிக் கப்பலில் சர்வர் வேலை கிடைத்தது. தட்டு கழுவப் போனவன், அங்கே ஒயின் ஊற்றுகிற இடத்துக்கு வந்துவிட்டான். முதல் லீவில் வந்தபோது ஒரு போர்ட் சீசாவோடு என்னைப் பார்க்க ஓட்டலுக்கு வந்தான். ஞாயிற்றுக்கிழமை, மாடியில் கூட்டம் நடக்கிறது. நான் கார்டு சாரிடம் மெல்லக் காதில் சொன்னேன். "கப்பல்காரனா? மேல வரச் சொல்லு மேன்" என்றார்.

அண்ணன் திறக்கும்போது பழைய தக்கை பொடிந்து சீசாவுக்குள் விழுந்துவிட்டது. அவன் அசரவில்லை. கப்பலில் பார்த்த மாதிரி துணியில் வடிகட்டலாம் என்று பையைத் திறந்தான். நைனா அன்றைக்குக் காலையில்தான் தறியிலிருந்து அறுத்துக் கொடுத்த புதுத் துணி இருந்தது. எங்கள் ஊர்த் துணியில் நூலுக்குக் கஞ்சி போட்டுத்தான் நெய்வார்கள். துவைக்காத துணி. அதிலேயே வடிகட்டிவிட்டான்.

டாக்டரம்மா முகர்ந்து பார்த்துக் கண்ணை மூடினார். "அடுப்புலேர்ந்து எடுத்த ரொட்டி வாசனை. ரொம்ப வயசான ஒயினுக்குத்தான் இது வரும்."

"ரொட்டி இல்ல மேடம், அரிசி" என்றார் கார்டு சார். "வெந்த அரிசி. இந்த மாதிரி நான் குடிச்சதே இல்ல."

நாயுடுகாரு இரண்டு வாய் குடித்துவிட்டு எல்லாரையும் சுற்றிப் பார்த்தார். "காலையில யாரப்பா இங்க இட்லி துன்னது?"

அண்ணன் கடைசியில் பேசணும். தொண்டையைச் செருமிக்கொண்டான். "சார், அது துணியில இருந்த கஞ்சி. எங்க நகரிக் கஞ்சி சார்."

நாயுடுகாருவுக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வந்துவிட்டது. டாக்டரம்மா தன் ரொட்டித் தீர்ப்பைத் திரும்பப் பெற முடியாது என்று கார்டு சார் பிடிவாதம் பிடித்தார். அன்றிலிருந்து லீவுக்கு வந்தால் அண்ணனுக்கு அந்த மேஜையில் ஒரு நாற்காலி உண்டு. நாயுடுகாரு அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. "ஏ கப்பல்" என்றுதான் கூப்பிடுவார்.

நீங்கள் வடிகட்டுவதானால் பலதரம் துவைத்த பழந்துணியை எடுங்கள். ஒருத்தன் தப்பை உடனே வாய்விட்டுச் சொன்னால் மேஜை அவனைத் துரத்தாது, நாற்காலி போடும் என்பதையும் நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அண்ணனுக்கு நல்ல நாக்கு. ஆனால் எந்தச் சீசாவைக் குடித்தாலும் ஒரே தீர்ப்புத்தான் சொல்வான். "நல்லாத்தான் கீது. இன்னும் கொஞ்ச நாள் வெச்சிருக்கலாம்." அவன் வாயைத் திறந்ததும் மற்ற மூன்று பேரும் கூடவே சேர்ந்து அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சிரிப்பான், ஆனாலும் அடுத்த தடவை அதையேதான் சொல்வான்.

ஒரு லீவுக்கு இரண்டு சீசா கொண்டுவந்தான். இரண்டும் ஒரே சரக்கு, ஒரே பெட்டி. கப்பல் போர்ச்சுகல்லில் நின்றபோது ஒரு பழைய கடைக்குப் போய், "என் தம்பி பொறந்த வருஷத்துது குடு" என்று கேட்டு வாங்கினானாம். சீசாமேல் நான் பிறந்த வருஷம். அங்கே குழந்தை பிறந்தால் அந்த வருஷத்துப் போர்ட்டை வாங்கிப் படுக்கப் போட்டு, பிள்ளை பெரிசானதும் திறப்பார்களாம். "நீ பொறந்தப்ப நைனா உனக்கு இன்னா வாங்கி வெச்சாரு? கொசுவலை. அதான் நான் வாங்கியாந்தேன்" என்றான்.

வெயில் காலத்தில் நகரியில் அதை எங்கே வைப்பது? எங்கள் வீட்டில் பழைய கைத்தறிக்குக் குழி உண்டு. நெய்கிறவர் காலை உள்ளே விட்டு உட்கார்ந்து மிதிக்கிற குழி. கைத்தறியை எப்போதோ விற்றாகிவிட்டது, குழிமேல் பலகை போட்டு நூல் மூட்டை வைத்திருந்தோம். சித்திரையிலும் குழிக்குள் கையை விட்டால் ஜில்லென்று இருக்கும். வெளிச்சமும் போகாது. "கப்பல்லகூட இப்படி ஒரு எடம் கெடையாது" என்று அண்ணன் மணல் பரப்பி இரண்டையும் உள்ளே படுக்க வைத்தான். சில மாதம் அங்கேயே கிடந்தன. அடுத்த லீவுக்கு வந்தபோது ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திருப்பதிக்கு வந்தான். ஒரு வாரம் ஓட்டல் ஸ்டோர் ரூமில் நிறுத்தி வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை நான்தான் இறுத்தேன்.

மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் முதல் சொட்டே கலங்கல். மண்டி அடியில் இல்லை, சீசா முழுக்க இருந்தது. முகத்தைக் காட்டாமல் ஊற்றினேன். ஆனால் அண்ணன் பக்கம் மட்டும் பார்க்கவில்லை. கொண்டுவந்தது யார் என்று எனக்குத் தெரியுமே.

"வாசனை நல்லா இருக்கு" என்றார் டாக்டரம்மா. "ஆனா நாக்குல மண்ணு."

"சூட்டுல போச்சு மேன். எவனோ வெயில்ல வெச்சிருக்கான்."

நாயுடுகாரு கிளாஸைத் தள்ளி வைத்தார். "இதி ஒயின் காதப்பா, ஒயினே இல்ல. எங்க ஊரு ஏரித் தண்ணி. எந்த முட்டாள் காசு குடுத்து வாங்கினது இத?"

அண்ணன் கடைசியில் பேசினான். "அந்த முட்டாள் நான்தான் சார்."

யாரும் சிரிக்கவில்லை. நாயுடுகாருவுக்கே சங்கடமாகிவிட்டது. ஆனால் சொன்னதை மாற்றக் கூடாதே. அண்ணன் துண்டைப் பிரித்து, சீசாவில் இருந்த என் வருஷத்தைக் காட்டினான். "இன்னொண்ணு கீது. அது நல்லா வரும்."

"ஒரே பெட்டில வந்தது வேற மாதிரி எப்படி வரும், ஏ கப்பல்?"

"வரும் சார். நான் கடையில நின்னு வாயில ஊத்திப் பாத்து வாங்கினது. சரக்குல தப்பு இல்ல. அது நல்லா வரலன்னா நான் இந்த டேபிள்ல ஒக்காரமாட்டேன். நல்லா வந்தா நீங்க இன்னா பண்றீங்க?"

நாயுடுகாரு யோசித்தார். "நல்லா வந்தா உன்ன 'காரு' போட்டுக் கூப்புடறேன் போ."

எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். ஆனால் நகரி பஸ்ஸில் திரும்பிப் போகும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான். புத்தூர் தாண்டின பிறகு, "சரக்கு நல்லதுடா லோகு" என்றான். "நான் ஏமாந்து வாங்கல." எனக்குத்தான் தெரியும், அது அவனுக்கு விளையாட்டுப் பந்தயம் இல்லை என்று.

கப்பலுக்குப் போனான். இந்த வருஷம் மறுபடியும் லீவில் வந்தான். வந்த மறுநாளே குழிக்குள் இறங்கி அந்த இரண்டாவது சீசாவை நிமிர்த்தி மணலில் நிறுத்தினான். ஓட்டலுக்கு எனக்கு போன் பண்ணினான். "ஞாயித்துக்கெழமைக்கு எடுத்துக்கினு வரேன். நாயுடுகாருகிட்ட சொல்லு, இப்பலேர்ந்தே 'தயாளன் காரு, தயாளன் காரு'ன்னு சொல்லிப் பழகட்டும்."

போனை வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு புத்தூருக்குப் போனான். ரோட்டில் லாரி.

அதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்றைக்குச் சாயங்காலம் மூன்று பேரும் நாயுடுகாரு காரில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். நகரியில் எங்கள் தெருவுக்கு அவர்கள் வருவது அதுதான் முதல் தடவை. கார்டு சார் கோட்டுப் போட்டிருந்தார். டாக்டரம்மா அம்மா பக்கத்தில் பாயில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். நாயுடுகாரு மட்டும் வாசலிலேயே செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்.

நைனா குடிக்கிறவர் இல்லை. அந்தச் சீசாவைக் கப்பல் சாமான் என்றுதான் சொல்வார். அவர் கார்டு சாரைப் பார்த்து, "ஐயா, எம் பையன் உங்களுக்குன்னு வெச்சது குழியில அப்படியே கீது" என்றார். "நாளைக்குக் காலையில தறி ஓட்டணும், பாவு அப்படியே நிக்குது. நூல் மூட்டைய அந்த எடத்துல எறக்கணும். அத நீங்க எடுத்துக்கினு போயிடுங்க."

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

"கார்ல மெல்ல எடுத்துக்கினு போலாம்" என்றார் நாயுடுகாரு. "ஓட்டல்ல ஒரு வாரம் நிறுத்தி வெச்சி, நிதானமா..."

"திறக்கவே வேணாம் மேன்" என்றார் கார்டு சார். "நீ வெச்சிக்கோ. அண்ணன் ஞாபகமா இருக்கட்டும்."

டாக்டரம்மா, "லோகு சொல்லட்டும்" என்றார்.

தம்பிகளா, இந்த வேலையில் கஷ்டம் தக்கையை எடுப்பதில் இல்லை. எப்போது எடுப்பது என்பதில்தான். மூடியே வைத்துக்கொண்டால் அண்ணன் சொன்னது பொய் என்று யாரும் நிரூபிக்க முடியாது. மெய் என்றும் நிரூபிக்க முடியாது. திறந்து கலங்கலாக வந்தால், போட்டோவில் மாலை போட்டிருக்கிறவனை மேஜையிலிருந்து எழுப்பிவிட்ட மாதிரி ஆகிவிடும். ஆனால் ஒன்று மட்டும் எனக்குத் தெரிந்தது. முதல் சீசா பஸ்ஸில் குலுங்கி வந்தது. இதை அவன் நிறுத்தின பிறகு யாரும் கை வைக்கவில்லை.

"எடுத்துக்கினு போக வேணாம் சார்" என்றேன். "அவன் நிறுத்தின எடத்துலயே திறக்கலாம்."

வீட்டில் ஒயின் கிளாஸ் ஏது? முனை டீக்கடையிலிருந்து டீ கிளாஸ் வாங்கி வந்து வெந்நீரில் அலசினேன். அண்ணன் கப்பலிலிருந்து அம்மாவுக்குக் கொண்டுவந்த கண்ணாடி ஜக்கு ஒன்று ஷோகேஸில் இருந்தது. அம்மா அதில் ஒரு நாளும் தண்ணீர் ஊற்றியதில்லை. இப்போது அவரே எடுத்துக் கொடுத்தார். மெழுகுவர்த்தி இல்லை. நான் தேடுவதைப் பார்த்துவிட்டு, அண்ணன் போட்டோ முன்னால் எரிந்துகொண்டிருந்த விளக்கைக் காட்டினார். "அவனுக்கு வெச்ச வெளக்குதானே. எடுத்துக்கோ."

குழியில் இறங்கிவிட்டேன். சீசாவைத் தொடப் போகும்போது மேலேயிருந்து நாயுடுகாரு குரல்.

"துண்டு சுத்து."

"எதுக்கு சார்? எல்லாருக்கும் தெரிஞ்ச சீசாதானே?"

"தெரிஞ்சா இன்னா? சட்டம் சட்டம்தான். சுத்து."

நைனாவின் பழைய துண்டைச் சுற்றினேன். சீசா நின்ற நிலையிலேயே தக்கையை எடுத்தேன். அது உடையாமல் நீளமாக வந்தது. ஜக்கைக் குழியின் விளிம்பில் வைத்து, விளக்கைப் பின்னால் பிடிக்கச் சொல்லி டாக்டரம்மாவிடம் கொடுத்தேன். மெல்லச் சாய்த்தேன்.

கழுத்தில் வந்தது சிவப்பு. மாதுளை முத்தை வெயிலில் பிடித்த மாதிரி. விளக்குச் சுடரின் நுனிகூட அதற்குள் தெரிந்தது. இப்போது கலங்கும், இப்போது கலங்கும் என்று ஒவ்வொரு சாய்ப்புக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கலங்கவில்லை. ஜக்கு நிறைந்து, சீசா ஏறக்குறைய தலைகீழாக ஆகும்போதுதான் புகை மாதிரி ஒரு இழை எழுந்தது. நிறுத்தினேன். முகத்தை மட்டும் எப்படி வைத்திருந்தேன் என்று தெரியாது. கூடத்துக்குக் கொண்டுபோய்ப் பாயில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு டீ கிளாஸில் ஊற்றினேன்.

மூன்று பேரும் கிளாஸை மூக்குக்குக் கொண்டுபோனார்கள். அடுத்த வீட்டில் குழந்தை அழுவது கேட்டது.

"உலர்ந்த திராட்சை, கிராம்பு" என்றார் டாக்டரம்மா. "முழுங்கின அப்புறமும் போக மாட்டேங்குது. நாக்குல ஒரு துளி மண்ணு கிடையாது. இதுவரைக்கும் நான் குடிச்சதுல ரொம்ப நல்லதுகூட இதுக்கு ரெண்டு மூணு படி கீழதான்."

கார்டு சார், "சூட்டுல போச்சுன்னு போன தடவ நான் சொன்னேன்" என்றார். "அந்தத் தீர்ப்ப மாத்த முடியாது. ஆனா அது தப்பு மேன். இது சுத்தமான சரக்கு."

நாயுடுகாரு தன் கிளாஸை முடித்துவிட்டு இன்னும் கொஞ்சம் என்று நீட்டினார். அதையும் முடித்தார். ஃபாக்டரியில் வருஷம் பூராவும் கூழை நாக்கில் வைத்துத் தீர்ப்புச் சொல்கிற மனுஷர், இதற்கு வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். அப்புறம் எழுந்து போட்டோ பக்கம் திரும்பி நின்றார்.

"தயாளன் காரு" என்றார். "சாலா பாகுந்தி."

ரொம்ப நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அம்மாவுக்குத் தெலுங்கு தெரியும். ஆனால் அம்மா அழுதது அந்த 'காரு'வுக்கு.

கார்டு சார் என்னைக் கூப்பிட்டு இன்னொரு டீ கிளாஸில் அவரே ஊற்றினார். "கொண்டுவந்தவன் கடைசியில பேசணும். அவனுக்குப் பதிலா நீ பேசு மேன்."

அந்த மேஜைக்கு எத்தனையோ சீசா இறுத்திருக்கிறேன். அவர்கள் முன்னால் குடித்ததில்லை, தீர்ப்புச் சொன்னதும் இல்லை. குடித்தேன். அண்ணன் வழக்கமாகச் சொல்வதைத்தான் நான் சொல்லப் போகிறேன் என்று மூன்று பேரும் காத்திருந்தது தெரிந்தது. எனக்கும் அதைச் சொல்ல ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் வாயில் இருந்தது வேறு.

"இதுக்கு மேல வெச்சிருக்க வேணாம் சார்" என்றேன். "இதான் நேரம்."

கொஞ்ச நேரம் கழித்து கார்டு சார் குழியை எட்டிப் பார்த்தார். "ரெண்டும் இங்கதானே மேன் கெடந்தது?"

"ஆமா சார்."

"அப்ப அது ஏன் அப்படி, இது ஏன் இப்படி? பஸ் குலுங்கல்னா ஒரு வாரத்துல எறங்கியிருக்கணுமே." சுவரில் கையை வைத்துப் பார்த்தார். "அந்தப் பக்கம் இன்னா?"

"எங்க தறி ஷெட் சார். இந்தப் பக்கம் பெரியப்பா ஷெட். பின்னாடி சித்தப்பாது."

"பகலும் ராத்திரியும் ஓடுமா?"

"கரண்ட் போனாத்தான் நிக்கும்."

அவர் கண் கொஞ்சம் மாறியது. "ரேணிகுண்டால எங்க குவார்ட்டர்ஸ் தண்டவாளத்துக்குப் பக்கத்துல. கிறிஸ்மஸுக்கு அம்மா ஒயின் போடுவாங்க. எந்த வருஷமும் தெளிஞ்சதே இல்ல. ரயில் போறப்பெல்லாம் ஜாடி ஆடும். மாசக்கணக்கா ஆடித் தூளான மண்டி ஒரு வாரத்துல எறங்காது மேன்." நிறுத்தினார். "இப்ப உங்க தறி சத்தமே கேக்கலியே?"

நைனாதான் பதில் சொன்னார். "பங்காளிங்க எல்லாருக்கும் தீட்டு ஐயா. அவன் போன அன்னிலேர்ந்து இந்தத் தெருவுல யாரும் தறி ஓட்டல."

டாக்டரம்மா ஜக்கைக் கீழே வைத்துவிட்டார். அவன் சீசாவை நிமிர்த்தி நிறுத்தினான், அன்றைக்கே போனான். அவனுக்காகத் தெருவே சத்தமில்லாமல் இருந்தது. அந்த நிசப்தத்தில்தான் மண்டி இறங்கியிருக்கிறது.

நைனாவுக்கு ஒயினும் தெரியாது, மண்டியும் தெரியாது. எங்கள் முகங்களைப் பார்த்து ஏதோ புரிந்துகொண்டார். என் பக்கத்தில் வந்து, மெல்லக் கேட்டார்.

"தறி ஓடினா அவன் சாமான் கெட்டுடுமாடா? நாளைக்கு ஓட்டட்டுமா, வேணாமா?"

"வேற சீசா இல்ல நைனா" என்றேன். "ஓட்டு."

புதுசாக வந்திருக்கிறவர்களே, ஒரு சீசா கலங்கலாக வந்தால் சரக்கைத் திட்டுவதற்கு முன்னால் அது எங்கே கிடந்தது, பக்கத்தில் என்ன ஓடிக்கொண்டிருந்தது என்று கேளுங்கள். நாங்கள் குளிர்ச்சியைப் பார்த்தோம், இருட்டைப் பார்த்தோம். பிறந்ததிலிருந்து காதில் இருக்கிற சத்தம் என்பதால் தறியை மட்டும் யாரும் கணக்கில் எடுக்கவே இல்லை. அண்ணனுக்கும் அது தோன்றவில்லை.

மறுநாள் காலையில் நான் மூட்டை இறக்கக் குழிக்குப் போனேன். சீசா அங்கேயே நின்றிருந்தது. அடியில் விரல் அகலத்துக்கு மிச்சம், அதன் கீழே மண்டி கறுப்பாகப் படிந்திருந்தது. அடுத்த அறையில் நைனா சுவிட்சைப் போட்டார். ஒரு தறி எழுந்தது, அப்புறம் இன்னொன்று. பெரியப்பா வீட்டிலும் கேட்டது. கால் கீழே மண் லேசாக அதிர ஆரம்பித்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன். சீசாவின் அடியிலிருந்து மண்டி மெல்லப் புகை மாதிரி எழும்பியது.

குனிந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டேன்.